மாத டியூவை மட்டும் கேட்காதீர்கள்
கடனும் காலமும் – 9

கீரமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர் டாக்ஸி ஓட்ட கார் வாங்கப் புதுக்கோட்டையில் ஒரு ஷோரூமுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். ஆதாரும் பான் கார்டும் வாங்கிப் பார்த்த ஃபைனான்ஸ் பையன், "சிபில் அடி வாங்கியிருக்கேண்ணே. பேங்க்ல கிடைக்காது. பிரைவேட்ல போட்டுத் தர்றேன். மாசம் 11,667 டியூ, நாலே வருஷம்" என்றார்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "நான் யாரையும் ஏமாத்தலையேண்ணே" என்றார் என்னிடம்.

ஏமாற்றவில்லைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது அவருடைய தோப்பும் போனது. காய் வருமானம் நின்றது. பைக் கடனுக்கு டியூ நின்றது. பிறகு வசூலுக்கு வந்தவர், "இவ்வளவு கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றார். கட்டினார். கடன் தீர்ந்தது என்று நம்பினார்.

அந்த நம்பிக்கையில்தான் சிக்கல். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்தால், கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும். முழுதாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு'. அடுத்துக் கடன் தருகிறவர் இந்த ஒரு சொல்லையும் பார்ப்பார். 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணுக்குப் புயலும் தெரியாது, தோப்பும் தெரியாது. அது முக்கியமாகப் பார்ப்பது டியூ வந்ததா இல்லையா என்பதைத்தான். மதிப்பெண் குறைந்ததற்காக எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெட்கத்தில்தான் பலர் கிடைத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தம்பியின் கணக்கையே பாருங்கள். கடன் 4 லட்சம், வட்டி 10 விழுக்காடு என்றார்கள். அது 'ஃப்ளாட்' வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 4 லட்சத்துக்கும் ஓடும். நான்கு ஆண்டில் வட்டி மட்டும் 1,60,000 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 17 விழுக்காட்டையும் தாண்டுகிறது. பிராசஸிங் கட்டணமும் இன்சூரன்ஸும் இதற்கு மேல்.

கடன் பிடித்துக் கொடுக்கும் ஷோரூமுக்கு ஃபைனான்ஸ் நிறுவனம் கமிஷன் தருவது இத்தொழிலில் வழக்கம். அதனால் அங்கே சொல்லப்படும் முதல் வட்டியே கடைசி வட்டி அல்ல. உங்கள் விண்ணப்பத்தை ஒரே நாளில் நாலைந்து இடங்களுக்குத் தட்டிவிடவும் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகி, குறைந்த மதிப்பெண்ணை இன்னும் இறக்கக்கூடும்.

சட்டம் உங்கள் பக்கம் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கட்டாயம் என்கிறது ரிசர்வ் வங்கி. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இத்தகைய நீண்ட காலக் கடன் என்றால், அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். வீட்டுக்கு எடுத்துப்போய், படித்தவர் ஒருவரிடம் காட்ட அந்த மூன்று நாள் போதும்.

தம்பி அன்று கையெழுத்துப் போடவில்லை. பழைய பைக் கடனில் தள்ளுபடியான தொகையைக் கட்டி, 'நிலுவை இல்லை' சான்று வாங்கி, பதிவை 'க்ளோஸ்டு' ஆக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார். மதிப்பெண் ஒரே நாளில் ஏறாது. புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளுக்கு ஆண்டுக்கணக்கில் தண்ணீர் இறைத்தவர் அவர். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

கடைசி டியூ கட்டியும் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருக்கிறதா? அதை நீக்கும் வழி அடுத்த வாரம்.