நூற்றுக்கு மூன்று

அரசாங்க உத்தியோகத்தில் நம்மவர்க்குள்ள பற்று யாவரும் அறிந்ததே. அதில் வலுவிழந்தோர்க்கும் பங்குண்டென்பதை அறிந்தவர் மிகச் சிலரே. 1988ஆம் ஆண்டு வெளியான 27/88ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றுநிருபம், அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களுள் நூற்றுக்கு மூன்றை அவர்க்கு ஒதுக்கிற்று. வேண்டிய தகைமை இருத்தல் வேண்டும்; குறைபாடு கடமைக்குத் தடையாகாதிருத்தலும் வேண்டும்.

பின்னதிலேதான் சிக்கல். தடையா, அன்றா எனத் தீர்ப்பவர் யார்? விழிப்புலனற்ற எம் மாணவரொருவர் பட்டம் பெற்று நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். கைபிடித்து அழைத்துச் சென்றவர் யாமே. "கோவைகளை எவ்வாறு வாசிப்பீர்?" என்றனர். திரையிலுள்ள எழுத்தைக் கணினியே வாசித்துக் காட்டுமென அவர் விளக்கினார். ஒருமுறை செய்துபார்க்கவும் எவரும் விரும்பிலர். வினவியவர் மூக்குக்கண்ணாடியின்றி அவர் பெயரையும் வாசிக்க இயலாதவர் என்பது வேறு கதை. இவ்விதழை வாசிப்போருட் சிலர் அத்தகைய சபைகளில் அமர்பவராதலின் இதனை எழுதினோம்.

சுற்றுநிருபம் சட்டமன்று. ஆயின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமை காரணமாக வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுதலைத் தடைசெய்கின்றது. மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம். எம் மாணவர் அடுத்த விண்ணப்பத்துடன் அப்பிரிவின் பிரதியொன்றையும் இணைத்து அனுப்பியுள்ளார்.