இடுமருந்தும் டைமன் ராணியும்

பிள்ளை திடீரென்று வீட்டை வெறுத்து வேறு பக்கம் சாய்ந்துவிட்டால், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் "மருந்து வெச்சுட்டாங்க" என்பார்கள். சோற்றில் கலந்த இடுமருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு மனசை ஆட்டுகிறது என்று நம்பி, அதை எடுப்பவரிடம் கூட்டிப் போவார்கள். 1953இல் அமெரிக்காவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது.

கொரியப் போர் ஓய்ந்து கைதிகள் திரும்பும் நேரம். சீனர்களிடம் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் 23 பேர் வீட்டுக்கு வரமாட்டோம் என்றார்கள். இருவர் பிறகு மனம் மாறினார்கள். 21 பேர் மாறவில்லை. 'மூளைச்சலவை' என்று நாடே அலறியது. அந்த அச்சத்தில் பிறந்ததுதான் ரிச்சர்ட் கான்டனின் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' நாவல். 1962இல் வந்த படத்தில், டைமன் ராணிச் சீட்டைக் கண்டதும் சிப்பாய் ஏவியதைச் செய்கிறான். 2004இல் மறுபடி எடுத்தபோது, உடம்புக்குள் பதித்த சில்லு அந்த வேலையைச் செய்தது.

திரும்ப மறுத்த அந்தக் கைதிகளைக் காவல் காத்தது இந்தியப் படை. ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை ஆணையத்தின் மேற்பார்வையில், சொந்த நாட்டுக்காரர்கள் எதிரே உட்கார்ந்து "ஊருக்கு வா" என்று வாதாடினார்கள். மறுபக்கத்தில், சீனா, வட கொரியாவுக்குத் திரும்ப மறுத்தவர்கள் 22,000 பேருக்கு மேல். அவர்களுக்கு யார் மருந்து வைத்தது? இரு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் இந்தியப் படையோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னையில் இறங்கினார்கள்.

சீனர்களின் கைதி முகாம்களில் நடந்தது என்ன? மீண்டு வந்தவர்களிடம் ஆல்பர்ட் பிடர்மேன், எட்கர் ஷைன் போன்ற ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். மாயச் சீட்டு எதுவும் இல்லை. தூங்கவிடாமல் வைப்பது, அரைவயிற்றுச் சோறு, தனிமைச் சிறை, திடீரென நீட்டப்படும் ஒரு சிகரெட். மற்றவர்கள் மதிக்கும் ஆளைப் பிரித்து வேறிடம் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக் கடிதங்களில் கெட்ட செய்தி உள்ளதை மட்டும் கையில் கொடுப்பார்கள். முதலில் ஒரு சின்ன ஒப்புதல் எழுதச் சொல்வார்கள். எழுதிய கை அடுத்ததற்கும் இணங்கும். எல்லாமே காவல் நிலையங்கள் வெகுகாலமாக அறிந்த வழிகள். இப்படி வாயிலிருந்து வாக்குமூலம் வரும். நம்பிக்கை பெரும்பாலும் மாறாது.

ஆனாலும் சி.ஐ.ஏ. நிஜமான இடுமருந்தைத் தேடி 1953இல் 'எம்.கே.அல்ட்ரா' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றும் அறியாதவர்களுக்குக்கூட எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. மனிதர்கள் நொறுங்கினார்கள், ஏவலுக்கு ஆடும் ஒரு சிப்பாய்கூட உருவாகவில்லை. எனக்கு இதுதான் படத்தைவிடப் பயங்கரம்.

வீட்டுக்கு வர மறுத்த அந்த 21 பேரில் பெரும்பாலோர் பின்வந்த ஆண்டுகளில் தாமாகவே அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார்கள். மருந்து எடுக்க யாரும் தேவைப்படவில்லை.