வாயால் மூச்சுவிடும் சிறுவர்

வகுப்பிலே பின்வாங்கில் இருந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனை மந்தன் என எண்ணிவிடுதல் எளிது. "வாயை மூடு" என அதட்டுவாரும் உளர். அவன் மூடுவான்; சிறிது நேரத்தில் மீண்டும் திறப்பான். மூக்கு அடைபட்டவன் வேறென் செய்வான்?

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கின்றது. மூக்குவழிச் செல்லுங் காற்று தூசு நீங்கி, வெப்பமும் ஈரமும் பெற்று நுரையீரலை அடையும். இவ்வியற்கை வழியை விட்டு ஒரு பிள்ளை இரவும் பகலும் வாயை நாடுமாயின், வழியில் யாதோ தடையுண்டென்றே முதலிற் கொள்ளல் வேண்டும்.

தடைகளுள் முதன்மையானது அடினொயிட் என்னும் மென்சதையின் வீக்கம். மூக்கின் பின்புறத்தில், உண்ணாக்கிற்கு மேலே, நம் கண்ணுக்குப் புலப்படாது இருப்பது அது. நோய்க்கிருமிகளை எதிர்ப்பதே அதன் தொழில். குழந்தைப் பருவத்திற் பருத்து, குமரப் பருவத்திற் சுருங்கிவிடும். இதன் வீக்கத்தையும், அதனால் விளையுஞ் செவிக்குறையையும் 1868 இல் விளக்கியவர் டென்மார்க் தேசத்து வைத்தியர் வில்கெம் மேயர்.

செவிக்குறை எங்ஙனம் வந்தது? நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் ஓர் ஒடுங்கிய குழாய் தொடுக்கின்றது. வீக்கம் அதன் வாயிலைத் தாக்கினால் நடுச்செவியில் நீர் தேங்கும், கேள்வி மங்கும். நோவு பெரும்பாலும் இராமையால் பிள்ளையும் சொல்லான், பெற்றோரும் அறியார். இரவிலே குறட்டையாலும் மூச்சுத்தடையாலும் உறக்கங் குலையப் பகலிலே சோர்வும் சினமும் மிகும். கேளாதவனைக் கவனியாதவன் என்று தண்டிக்கும் அநியாயம் இவ்வாறு நேர்கின்றது.

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு சிறு வாய்ப்புண்டு. மெல்லினத்துக்கு மூக்கை இடமாக நன்னூலார் வகுத்தமை மாணாக்கர் அறிந்ததே. மூக்கின் பின்புறம் அடைபட்ட பிள்ளை 'மாமா' என்பது 'பாபா' போல ஒலிக்கும். தடிமன் வந்தாலும் இவ்வொலி தோன்றும். ஆயின் வாரங்கள் பல கழிந்தும் நீங்காதாயின், வைத்தியரிடம் அனுப்புதல் தக்கது.

ஒவ்வாமை மற்றொரு காரணம். மெத்தை தலையணைகளில் வாழும் நுண்ணிய தூசுச் சிற்றுண்ணிகள், பூஞ்சணம், பிராணிகளின் மயிர்த்தூள் ஆகியவற்றால் மூக்கின் உட்டோல் வீங்கும். தும்மலும் நீரொழுக்கும் உடன்வரும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்தல் அத்தகைய பிள்ளைகளின் வழக்கம். மூக்குத் தண்டு கோணியிருத்தலும் உண்டு. ஒரு துவாரத்தில் மாத்திரம் துர்நாற்றமுள்ள சளி வடியின் குன்றிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே கிடக்கின்றதோ என ஐயுறுக. வீட்டிலே கொளுவியால் இழுக்கத் துணிதல் கூடாது. விளையாட்டுப் பொருள்களிலுள்ள சிறிய பொத்தான் மின்கலமாயின், சில மணி நேரத்திலேயே சதையைச் சுட்டுவிடும்.

வீங்கிய அடினொயிட் அனைத்தையும் அறுக்கவேண்டுவதில்லை. பல தாமே சுருங்கும். செவியோ உறக்கமோ கெடுமாயின் காத்திருத்தல் தகாது. தடை நீங்கிய பின்னரும் பழக்கத்தால் வாயைத் திறந்தே வைத்திருக்கும் பிள்ளைகளும் உளர். "வாயை மூடு" என்னுஞ் சொல், மென்மையாகச் சொல்லப்படின், அவர்களுக்கே உதவும்.