தங்கையை ஆசிரியராக்கிப் பாருங்கள்

கம்போங் குவாந்தானில் இரவில் படகேறியவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். ஆண்பூச்சிகள்தாம் இப்படி ஒத்திசைந்து மின்னுகின்றன, நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. அப்படியானால் ஒரு பூச்சி 20 நொடியில் எத்தனை முறை மின்னும்? இதை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் உங்கள் தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். படகோட்டும் மாமாவிடமும் பக்கத்தில் அமர்ந்தவர்களிடமும் ஓயாமல் கதையளந்த அதே பிள்ளை, கணக்கு என்றதும் “தண்ணி தாகமா இருக்கு” என்று எழுந்து போய்விடும்.

“சோம்பேறி” என்று சொல்லிவிடாதீர்கள். நாலு பேரோடு பழகும் பிள்ளைக்கு அந்த நாலு பேர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். கணக்கைத் தொடாமல் இருந்தால் தப்பு யார் கண்ணிலும் படாது அல்லவா?

1998-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் தரப்பட்டன. சிலரை “நீ கெட்டிக்காரப் பிள்ளை” என்று பாராட்டினார்கள். வேறு சிலரை “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்று பாராட்டினார்கள். அடுத்து எப்படிப்பட்ட புதிர் வேண்டும் என்று கேட்டபோது, முதல் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் திறமையைக் காட்டும் பாதுகாப்பான புதிரைக் கேட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர், தப்பு வந்தாலும் புதிதாகக் கற்கலாம் என்ற புதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பாராட்டும் சொல்லை மாற்றினால் மட்டும் மதிப்பெண் ஏறிவிடாது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் கிடைத்த பலன் சிறியதுதான்.

பேச்சுப் பிரியரான பிள்ளைக்கு இன்னொரு வழி உண்டு. அது நம் ஊர் வழி.

1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னால் ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயது மாணவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றார்கள். 1797-இல் பெல் இதை நூலாக்க, இங்கிலாந்தில் “மதராஸ் முறை” பரவியது. அவர் தந்த பணத்தில் உருவான “மெட்ராஸ் காலேஜ்” பள்ளி ஸ்காட்லாந்தில் இன்றும் இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குப் பாடம் சொன்ன வழக்கம் அவருக்கு முன்பே உண்டு. பெயர் என்னவோ பெல்லுக்குத்தான் கிடைத்தது!

சொல்லிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது? 2009-இல் கேத்தரின் சேஸும் அவருடைய குழுவினரும் மாணவர்களை ஒரு கணினிப் பாத்திரத்துக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். தமக்காகப் படித்தவர்களைவிட இவர்கள் படிப்பில் அதிக நேரம் செலவிட்டார்கள். கணினிப் பாத்திரம் தோற்றால் தோற்றது அதுதானே! அவமானம் குறைந்ததால், பாடத்துக்குத் திரும்பிப் போவதும் எளிதாயிற்று.

இன்றே முயலுங்கள். தங்கை ஆசிரியர், நீங்கள் மாணவர். 52 − 27 = 35 என்று எழுதிக் காட்டுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிடும் இந்தத் தப்பைப் பல பிள்ளைகள் செய்வார்கள். “சரியா, டீச்சர்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவளும் திணறினால் சாத்தே குச்சிகளை எடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. இரண்டிலிருந்து ஏழை எப்படி எடுப்பது? ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டால் ஆட்டம் கெட்டுவிடும்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னபடி, தனியாக முடியாமல் சிறு உதவியோடு முடிகிற அளவே நல்லது. ஐந்துக்கு ஐந்தும் சரியென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். தொடங்கவே முடியவில்லை என்றால் குறையுங்கள். பத்து நிமிடம் போதும்.

வெண்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாலோ, நெடுநாளாக எழுத்துகளை அடையாளம் காணத் தடுமாறினாலோ, இந்த விளையாட்டு போதாது. அம்மா அப்பாவிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள்.