ஸ்டிராபெரி நுரைப் பண்டம்

பிரெஞ்சு மொழியில் மூஸ் என்பதற்கு நுரை என்பதே பொருள். கனிச்சாற்றைக் காற்றுடன் கலந்து உறையச் செய்த இனிய பண்டத்திற்கும் அதுவே பெயராயிற்று. மேனாட்டார் இதில் கோழிமுட்டையின் வெண்கருவையும், விலங்கின் எலும்பு தோல்களினின்று எடுக்கும் ஜெலட்டினையும் சேர்ப்பதுண்டு. தென்னேரியில் எம் இல்லத்துப் பாட்டியாரோ இவ்விரண்டையும் தீண்டார், பல்லும் இழந்தவர். அவர் உண்ணும்படி செய்வதெங்ஙனம் என்பதே எம் கவலையாயிருந்தது.

மன்னார் வளைகுடாவின் பாசிகளினின்றும் எடுக்கப்பெறுவதும், கடைகளில் கடற்பாசி, சைனா கிராஸ் என விற்பதுமான அகர் அக்கவலையைத் தீர்த்தது. ஜெலட்டின் நம் கோடை வெப்பத்திலேயே இளகிவிடும். உறைந்த அகரோ ஏறக்குறைய 85 பாகை வெப்பம் வரை இளகாது.

கொடைக்கானல் ஸ்டிராபெரி கால் கிலோவைக் கழுவிக் காம்பு களைந்து, 4 மேசைக்கரண்டிச் சர்க்கரையுடன் மசித்துச் சற்றே சூடாக்குக. 4 கிராம் கடற்பாசியை ஊறவைத்து, ஒரு கோப்பை நீரில் முற்றுங் கரையக் கொதிக்கவிட்டு அதில் ஊற்றுக. மசியல் குளிர்ந்திருப்பின் பாசி கட்டிகட்டியாய்த் திரண்டுவிடும்.

இனி, மென்மைக்குக் காரணமான பகுதி. நூற்றுக்கு 30 பங்கேனும் கொழுப்புள்ள கிரீம் 200 மில்லியைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கடைக. குளிர்ந்த கொழுப்புத் துளிகளே காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து தாங்குவன. முதன்முறை யாம் சித்திரை நண்பகலில் பனிக்கட்டியின்றிக் கடைந்தோம், கிடைத்தது வெண்ணெய்! பாட்டியார் அதனை உருக்கி நெய்யாக்கிக்கொண்டார்.

கிரீம் உப்பி, கரண்டியில் நிற்கும் பதத்தில் கடைவதை நிறுத்துக. மசியல் வெதுவெதுப்பாயிருக்கையிலேயே அதனைச் சிறிது சிறிதாய்ச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டுக. விரைந்து கலக்கின் குமிழிகள் உடையும். பின் கிண்ணங்களில் வார்த்து, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க.

பாட்டியார் ஒரு கிண்ணம் முழுதும் உண்டு, சர்க்கரையைச் சற்றுக் குறைத்திருக்கலாமென்றார்.