வரியும் வாக்கும் வானொலியும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் 184-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. அதன் கருத்து மிக எளியது. ஒரு மாவிற்குக் குறைந்த சிறு நிலத்தின் நெல்லேயாயினும், அதனை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளுக்குப் போதும். நூறு வயல் இருந்தாலும், யானை தானே உள்ளே புகுந்து மேயத் தொடங்கினால், வாய்க்குட் செல்வதைக் காட்டிலும் காலடியில் மிதிபட்டு அழிவதே மிகுதியாகும். அரசன் இறை கொள்ளும் நெறியை அறிந்து கொள்ளவேண்டும் என்பது புலவரின் கருத்து.

தமிழில் வரியைக் குறிக்கும் சொற்கள் பல. இறை, திறை, உல்கு, சுங்கம், ஆயம், கடமை என்று இலக்கியமும் கல்வெட்டும் வழங்கும் இச்சொற்கள் பல வகைப்பட்ட வருவாயைச் சுட்டும். முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயர் நிலைத்தது. அவன் வென்ற போர்களை மறந்தோரும் அவன் நீக்கிய வரியை மறக்கவில்லை. வரி என்பது பொருளைப் பற்றியது மட்டுமன்று, குடிகளின் நினைவைப் பற்றியதுமாகும் என்பதற்கு இஃதொரு சான்று.

இருப்பதைக் காத்து, மாறுதலை மெல்ல ஏற்று, அரசின் கை நீளாமற் பார்த்துக்கொள்ள விரும்பும் அரசியற் போக்கினைப் பழமைவாதம் என்பர். பிசிராந்தையாரின் யானையுவமை அப்போக்கினர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் எடுத்தாளத்தக்கது. ஆயினும் அவ்வுவமையை முற்றும் எண்ணிப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். யானை எவருடைய வயலில் மேய்கிறது என்பதே அது. இக்கேள்விக்குச் சிங்கப்பூரின் வரலாறு தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவ்வரலாற்றின் பல காட்சிகள் சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் திடலை ஒட்டியே நிகழ்ந்திருக்கின்றன.

வரியில்லாத் துறைமுகம்

1819-ல் ராபிள்ஸ் நிறுவிய சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகமாக வளர்ந்தது. வரும் சரக்கிற்கும் போகும் சரக்கிற்கும் சுங்கம் இல்லை என்பதே வணிகரைக் கவர்ந்தது. ஆனால் அரசு நடத்தப் பொருள் வேண்டும். அப்பொருள் குத்தகை முறையால் வந்தது. அபினி, சாராயம், கள் முதலியவற்றை விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. குத்தகை எடுத்தவர் அரசுக்குத் தொகை கட்டிவிட்டுத் தாம் மக்களிடம் ஈட்டிக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அதன் பின்னரும் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்தே வந்தது.

அபினியை வாங்கியோர் பெரும்பாலும் சீனக் கூலியாட்கள். கள்ளுக்கடையில் காசு வைத்தோருள் தமிழ்த் தொழிலாளர் பலர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், சாலை போட்டோரும், இரிக்ஷா இழுத்தோரும் தாம் வரி கட்டுகிறோம் என்பதை அறியாமலே கட்டிவந்தனர். வரியில்லா ஊர் என்று உலகம் புகழ்ந்த ஊரில், வரி இல்லாமல் இருந்தது செல்வர்க்கே.

இந்நிலையை மாற்ற அரசு முயன்றபோதெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொணர்ந்தார். அன்று கல்கத்தாவின் ஆட்சியில் இருந்த சிங்கப்பூரிலும் அதனைப் புகுத்தும் எண்ணம் எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 1910-ல் மீண்டும் முயற்சி நடந்தது. அபினிக்கு எதிரான உணர்வு உலகெங்கும் வளர்ந்துவந்த காலம் அது. அபினி வருவாய் குன்றினால் அதற்கு ஈடு வேண்டும் என்று அரசு எண்ணியது. அம்முயற்சியும் தோற்றது. முதல் உலகப்போரின் செலவுக்காக 1917-ல் வருமானத்தின் மீது போர்வரி விதிக்கப்பட்டது. 1922-ல் அது நின்றது. இடையே 1921-ல் நிலையான வருமான வரிக்குக் கொணர்ந்த திட்டமும் எதிர்ப்பின்முன் நிற்கவில்லை.

எதிர்த்தோர் கூறிய காரணங்கள் வெறும் தன்னலம் என்று தள்ளத்தக்கவை அல்ல. வரி வந்தால் முதலீடு வேறு துறைமுகங்களுக்குப் போய்விடும் என்றனர். அதிகாரிகள் தனிமனிதனின் கணக்கேட்டைப் புரட்டுவது முறையன்று என்றனர். ஆங்கிலத்தில் கணக்கு எழுதும் பெரிய நிறுவனங்கள் பிடிபட, பிற மொழிகளில் எழுதுவோர் தப்பிவிடுவர் என்றும் வாதிட்டனர். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே வைத்திருந்தனர் என்பதை எண்ணினால், இவ்வாதம் எங்கிருந்து எழுந்தது என்பது விளங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, வாக்குரிமை இல்லாதவனிடம் வரி கேட்பது அறமன்று என்றனர். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்தபோது எழுந்த அதே முழக்கம் இது.

வாக்குரிமையின் வளர்ச்சி

இறுதி வாதத்தில் உண்மை இருந்தது. நகராண்மைக்கு வீட்டுவரி கட்டுவோர் தம் ஆணையாளர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. 1913-ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் அதனையும் நீக்கி, எல்லா ஆணையாளரையும் அரசே நியமிக்கச் செய்தது. அவ்வாறு அமைந்த நகராண்மைக்கு 1919 முதல் 1931 வரை தலைவராக இருந்தவர் ரோலண்ட் ஜான் ஃபேரர். சிராங்கூன் சாலைப் பகுதியில் 1842 முதல் இருந்துவந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-ல் புக்கிட் தீமாவுக்கு மாறியபின், பழைய திடல் பொதுமக்கள் விளையாட்டிடமாகி அவர் பெயரைப் பெற்றது. குதிரைகள் ஓடிய காலத்தின் நினைவாக ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியது.

இரண்டாம் உலகப்போர் பழைய ஏற்பாடுகளையெல்லாம் குலைத்தது. 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-ல், பல்லாயிரம் இந்தியப் படைவீரர் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பெற்று ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். காப்டன் மோகன் சிங் அங்கேயே அவர்களை நோக்கிப் பேசி, இந்திய தேசிய ராணுவத்திற்கு அழைப்பு விடுத்தார். ஆள்வோர் அசையாதவர் என்னும் நம்பிக்கை அத்திடலின் புல்வெளியில் அன்று முறிந்தது.

போருக்குப் பின் 1946-ல் அபினி அறவே தடைசெய்யப்பட்டது. பாதி வருவாயைத் தந்துவந்த ஊற்று வற்றிவிட்டபின், வேறு வழி தேடாமல் அரசு நடவாது. எனவே 1947-ல் வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. எண்பத்தேழு ஆண்டு தடுக்கப்பட்ட வரி, முதற் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில் வந்து சேர்ந்தது. சட்டமன்றத்தின் ஆறு இடங்களுக்கு மட்டும் நடந்த அத்தேர்தலின் நாள் 1948 மார்ச் 20. பதிந்துகொண்ட வாக்காளர் ஏறத்தாழ 22,000 பேர்.

இச்சிறு வாக்காளர் கூட்டத்தில் முன்னின்றது முற்போக்குக் கட்சி. பெயர் முற்போக்கு என்றிருப்பினும் போக்கு பழமைவாதமே. ஆங்கிலக் கல்வி பெற்ற வழக்கறிஞர், வணிகர் முதலியோர் அதன் தலைவர்கள். தன்னாட்சி படிப்படியாக வரட்டும், வணிகம் குலையாதிருக்கட்டும் என்பது அவர்தம் கொள்கை. 1948-ல் ஆறில் மூன்று இடங்களையும், 1949 நகராண்மைத் தேர்தலில் பதினெட்டில் 13 இடங்களையும், 1951 சட்டமன்றத் தேர்தலில் ஒன்பதில் ஆறையும் அக்கட்சி வென்றது.

1955-ல் நிலைமை தலைகீழாயிற்று. வாக்காளர் தாமே சென்று பதிந்துகொள்ளவேண்டும் என்ற முறை மாறி, அரசே பட்டியலிற் சேர்க்கும் முறை வந்தது. 1951-ல் ஏறத்தாழ 48,000 ஆக இருந்த வாக்காளர் தொகை 1955-ல் மூன்று இலட்சமாக உயர்ந்தது. இருபத்தைந்து இடங்களில் முற்போக்குக் கட்சிக்குக் கிட்டியவை நான்கே. பத்து இடங்களை வென்ற தொழிலாளர் முன்னணியின் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். ஃபேரர் பார்க் திடலில் மாலை வேளைகளில் அரசியற் கூட்டங்கள் கூடிய காலம் இது. முன்பு அங்கே பந்தயம் காணக் கட்டணம் கொடுத்துச் சென்றனர். இப்போது புல்லில் நின்று பேச்சுக் கேட்கக் கட்டணம் இல்லை.

முற்போக்குக் கட்சியினர் பின்னர் ஜனநாயகக் கட்சியுடன் இணைந்து லிபரல் சோஷலிஸ்ட் கட்சியாயினர். 1957 டிசம்பரில் நடந்த நகர மன்றத் தேர்தலில் முப்பத்திரண்டு இடங்களுள் அவர்கள் ஏழினையும், மக்கள் செயல் கட்சி பதின்மூன்றினையும் பெற்றன. மேயரான ஓங் எங் குவான் மன்றத்தின் செங்கோலை அகற்றியதும், கூட்டங்களில் காட்டிய வேகமும் பழமைவாதிகளைத் திடுக்கிடச் செய்தன. வரி கட்டுவோர் பணம் ஆரவாரத்தில் வீணாகிறது என்று அவர்கள் குறை கூறினர். அக்குறை முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் அதைக் கேட்கும் செவிகள் அவர்களுக்குக் குறைந்துவிட்டன. வரி கட்டுவோர் என்று அவர்கள் எண்ணியது வீட்டுச் சொந்தக்காரரையும் வருமானமுடையோரையும் மட்டுமே. நெடுங்காலம் சாராயத்திற்கும் அபினிக்கும் காசு கொடுத்தவனும் வரி கட்டியவனே என்பதை அவர்கள் உணரவில்லை. வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது அவன் அதனை உணர்த்தினான்.

வானொலி மன்றம்

திடலில் நின்று பேசுவோர் குரல் ஒலிபெருக்கி எட்டும் தொலைவே செல்லும். வானொலி அவ்வெல்லையை நீக்கியது. சிங்கப்பூரில் 1937-ல் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது ஒரு தனியார் நிறுவனம். 1940-ல் அரசு அதனை வாங்கிக்கொண்டது. 1949-ல் கம்பி வழி வந்த ரெடிஃபியூஷன் மாதக் கட்டணத்திற்கு வீடுகளிலும் காப்பிக்கடைகளிலும் ஒலித்தது.

அரசியற் பேச்சுக்கு வானொலி எத்துணை வலிமை தரும் என்பதை 1961 காட்டியது. மலாயாவுடன் இணைவது குறித்துப் பிரதமர் லீ குவான் யூ செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 9 வரை பன்னிரண்டு உரைகள் ஆற்றினார். ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகிய மும்மொழிகளிலும் அவரே பேசினார். ஒருவர் பேச ஊர் கேட்கும் வானொலி அது.

அமெரிக்காவில் வளர்ந்தது வேறு வகை. 1978-ல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என வரையறுத்தனர். 1987-ல், எதிர்க்கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற ஒலிபரப்பு விதியை அந்நாட்டு ஆணையம் கைவிட்டது. அடுத்த ஆண்டு நாடளாவிய ஒலிபரப்பைத் தொடங்கிய ரஷ் லிம்பா போன்றோர், நேயர் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பேச்சு வானொலியைப் பழமைவாதத்தின் மேடையாக்கினர். வரி குறையவேண்டும், அரசு சுருங்கவேண்டும் என்பவை அங்கே நாள்தோறும் ஒலித்தன. அவ்வானொலியில் கேட்போனும் பேசினான் என்பது அதன் நன்மை. ஒத்த கருத்துடையோரே பெரும்பாலும் பேசினர் என்பது அதன் குறை.

வானொலியும் ஒரு காலத்தில் வரிக்குட்பட்டதே. சிங்கப்பூரில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரிமக் கட்டணம் இருந்தது. 2011-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது நீக்கப்பட்டது. மறுபுறம், 1994-ல் நூற்றுக்கு மூன்றாகத் தொடங்கிய பொருள் சேவை வரி படிப்படியாக உயர்ந்து 2024-ல் ஒன்பதாயிற்று. மரண வரி 2008-ல் நீங்கிற்று. தேக்காவில் காய்கறி வாங்கும் முதியவருக்கும், மாளிகையில் வாழ்பவருக்கும் பொருள் சேவை வரியின் விகிதம் ஒன்றே. அதனை ஈடுசெய்ய அரசு குறைந்த வருமானத்தோர்க்குப் பற்றுச்சீட்டு வழங்குகிறது. இவ்வேற்பாடு போதுமா என்பது தொடர்ந்து பேசப்படவேண்டிய பொருள்.

பழமைவாதி கேட்கும் கேள்வி எந்நாளும் தேவையானது. எவர் பணம், எதற்குச் செலவு, எவ்வளவு வீண் என்று கேட்பவர் இல்லாத நாட்டில் யானை வயலுக்குள் புகுந்துவிடும். ஆனால் அக்கேள்வியைக் கேட்போர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டவர். தம் வயலைக் காக்கும்போது யானை அடுத்தவன் வயலுக்குத் திருப்பப்படுகிறதா என்பதே அது. சிங்கப்பூர் வணிகர் எண்பத்தேழு ஆண்டு அதனைக் கேட்கவில்லை. கூலியாட்களின் சிறு வயலில் யானை மேய்ந்தது.

புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் இக்கதையையும் சேர்த்துச் சொல்லலாம். புலவர் வரி வேண்டாம் என்று கூறவில்லை. அறுத்து, அளந்து, கவளமாக்கிக் கொடுக்கச் சொன்னார். வள்ளுவரும் இறைமாட்சியில் பொருள் வரும் வழியை ஆக்கல், சேர்த்தல், காத்தல் என்பவற்றோடு நில்லாமல் பகுத்துச் செலவிடுதலையும் அரசின் திறனாக வைத்தார்.

ஃபேரர் பார்க் திடலிலும் மாறுதல் வருகிறது. அங்கே ஏறத்தாழ 1,600 வீவக வீடுகள் எழும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. குதிரை ஓடிய இடத்தில், படைவீரர் நின்ற இடத்தில், மக்கள் கூடிப் பேச்சுக் கேட்ட இடத்தில் குடும்பங்கள் குடியேறும். ஒவ்வொரு வீட்டிற்கும் ஆண்டு மதிப்பு கணிக்கப்படும். சொத்து வரிச் சீட்டு வந்து சேரும். அச்சீட்டைப் பெறும் கையிலேயே வாக்குச்சீட்டும் இருக்கும். இவ்விரு சீட்டும் ஒரே கையில் இருப்பதற்கு அவ்வூர் நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது என்பதை அங்கே குடியேறும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.