ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க!

திண்டுக்கல்லில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில், 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற போர்டைப் பார்த்து, மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினாள் என் நாத்தனார் மகள். இரண்டே வாரத்தில் டீச்சர் நின்றுவிட்டார். கூடப் போய் நான் கேட்டதற்கு, "கட்டின பணம் திரும்ப வராதும்மா" என்றார்கள்.

'நம்ம தலையெழுத்து' என்று விடாதீர்கள் தோழிகளே! கோச்சிங் சென்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கூறியுள்ளது. முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தீரவில்லையா? இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

சேரும் முன்பே, "அங்கீகாரம் கொடுத்தது யாரு? சான்றிதழைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.